காலுக்குக் கீழே ஒரு பலகை

நல்ல வேலையை உதறிவிட்டுப் பிடித்த காரியத்துக்குப் போனவர்களின் கதை என்றால் நமக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் வந்தால் நாலு பேருக்கு அனுப்பி வைப்போம். நம் வீட்டுப் பிள்ளை அதையே சொன்னால் வயிற்றைக் கலக்கும். சமீபத்தில் இந்த விஷயம் எங்கள் தெருவிலேயே வந்து நின்றது. அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு நெசவாளர் குடும்பம். பெயர் வேண்டாம். மூத்த மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, நெட் தேர்வும் எழுதித் தேறி, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறாள். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. எங்கள் தெருவில் அது பெரிய தொகை. பொங்கலுக்கு வந்தவள் அப்பாவிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்: "அடுத்த வருஷம் மார்ச்சோட இந்தத் திட்டம் முடியுதுப்பா. அதுக்கப்புறம் நான் ஆராய்ச்சியில தொடரப் போறதில்ல. அறிவியலைக் கார்ட்டூனா வரையப் போறேன். எழுதப் போறேன்."

அப்பா மூன்று நாள் அவளிடம் பேசவில்லை. நாலாம் நாள் என்னிடம் வந்தார்.

"சார், நீங்க கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்தவரு. நாலும் தெரிஞ்சவரு. அவகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

ஓய்வு பெற்ற குமாஸ்தாவைத் தேடி மனிதர்கள் வருவது இரண்டு காரியத்துக்குத்தான். ஒன்று, விண்ணப்பம் பூர்த்தி செய்ய. இன்னொன்று, தாங்கள் ஏற்கெனவே எடுத்த முடிவைப் பெரியவர் வாயால் சொல்ல வைக்க. அவர் வந்தது இரண்டாவதற்கு. ஆனாலும் அவருடைய பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பத்து வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போடத் தொடங்கியவர் அவர். கோர்வைச் சேலை ஒன்றுக்கு இரண்டு பேர் பத்துப் பதினைந்து நாள் தறியில் இருக்க வேண்டும். கூலி சேலைக்குத்தான், மாதத்துக்கு இல்லை. ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் ஈரம் ஏறினால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் கூலியும் நின்றுவிடும். இந்தக் கணக்கிலிருந்து மகளாவது தப்பட்டும் என்றுதான் கடன் வாங்கி அவளைப் படிக்க வைத்தார். அவர் என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது.

"கார்ட்டூனும் சேலை மாதிரிதானே சார்? ஒண்ணு போட்டாத்தான் ஒண்ணுக்குக் கூலி. அதுக்கு எதுக்கு எம்.எஸ்சி.? இங்கேயே உக்காந்திருக்கலாமே!"

பத்திரிகைக்குத் துண்டு துண்டாக வரைந்து கொடுக்கிறவர்களின் நிலைமையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். கையில் இரண்டு நோட்டுப் புத்தகம். ஆய்வுக் குறிப்பு எழுதுகிற நோட்டில் ஓரமெல்லாம் படம். மக்கர் செய்யும் வேக்குவம் பம்பை நடுரோட்டில் படுத்துக்கொண்ட எருமையாக வரைந்திருந்தாள். அதன் வாலைப் பிடித்து ஒரு மாணவி இழுக்கிறாள். எனக்கு வேக்குவம் பம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. படத்தைப் பார்த்ததும் அதன் குணம் புரிந்துவிட்டது.

"தாத்தா, அமெரிக்காவுல ராண்டல் மன்ரோன்னு ஒருத்தர். இயற்பியல் படிச்சிட்டு நாசாவுல ரோபோ வேலையில இருந்தாரு. அதை விட்டுட்டுக் கார்ட்டூன்தான் போடறாரு. இப்ப உலகம் பூரா அவரைத் தெரியும்" என்று போனில் காட்டினாள். கைகால் எல்லாம் வெறும் கோடு, தலை ஒரு வட்டம். இதற்கா நாசாவை விட்டார் என்று முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் கோடு எவ்வளவு விஷயத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தது. 2015இல் அவர் போட்ட ஒரு புத்தகத்தில், ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் ஆயிரம் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ராக்கெட்டிலிருந்து துணி துவைக்கும் இயந்திரம் வரை விளக்கியிருக்கிறாராம். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்ச தமிழ் வார்த்தையை மட்டும் வச்சு இதை நான் செய்யணும் தாத்தா" என்றாள்.

அவளுக்குப் பதிலாக நான் ஒரு பழைய ஆளைச் சொன்னேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் பள்ளி நூலகத்தில் 'கொசினுஸ்' என்ற விஞ்ஞானியின் படக்கதை இருந்தது. உலகம் சுற்றக் கிளம்புவதே அவருக்குப் பிடிவாதம். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறுக்கே வரும், கடைசி வரை பாரிஸை விட்டு வெளியே போகவே மாட்டார். 1893 முதல் 1899 வரை பத்திரிகையில் வந்த தொடர். வரைந்தவர் பெயர் கிறிஸ்தோஃப் என்று போட்டிருக்கும். அவருடைய நிஜப் பெயர் ஜார்ஜ் கொலோம். கொலம்பஸை பிரெஞ்சில் கிறிஸ்தோஃப் கொலோம் என்பார்கள். குடும்பப் பெயர் கொலோம் என்று அமைந்ததால், கிறிஸ்தோஃப் என்பதைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். ஆள் யார் தெரியுமா? தாவரவியல் அறிஞர். சொர்போன் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் துணை இயக்குநர். விஞ்ஞானியைக் கிண்டல் செய்து படம் போட்டவரே விஞ்ஞானி! அவர் வேலையை விடவில்லை. பகலில் செடி, மிச்ச நேரத்தில் படம்.

"அப்ப வேலையை விடாதேன்னு சொல்றீங்களா தாத்தா?" என்றாள்.

"நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையேம்மா" என்றேன்.

அவள் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஆபீஸில் ஒரு கோப்பு வந்தால் முன்மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுவோம். அது போல, அறிவியலை விட்டு வரையவும் எழுதவும் போனவர்களில் எனக்குத் தெரிந்தவர்களை ஒரு தாளில் எழுதினேன். பெயருக்கு எதிரே ஒரே ஒரு கேள்வி: குதித்தபோது இவர் காலுக்குக் கீழே என்ன இருந்தது?

நம்மூர் ஆட்களில் முதலில் மதன். 1947இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். ஆனந்த விகடனில் சேர்ந்து, கார்ட்டூன் போட்டு, இணை ஆசிரியர் வரை உயர்ந்தார். முன்ஜாக்கிரதை முத்தண்ணாவையும் ரெட்டைவால் ரெங்குடுவையும் தெரியாத வீடு அன்றைக்குத் தமிழ்நாட்டில் குறைவு. மொகலாயர் வரலாற்றை 'வந்தார்கள் வென்றார்கள்' என்று எழுதி, சரித்திரம் என்றாலே ஓடுகிறவர்களையும் உட்கார வைத்தார். இயற்பியல் படித்தவர் படத்துக்கும் எழுத்துக்கும் போய் ஜெயித்ததற்கு நம் ஊரில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் அவர் காலுக்குக் கீழே ஒரு பத்திரிகை அலுவலகம் இருந்தது. உட்கார மேசை, வாரா வாரம் படம் கேட்கிற ஆசிரியர், காத்திருக்கிற வாசகர்கள்.

அவருக்குப் பக்கத்திலேயே சுஜாதாவின் பெயரை எழுதினேன். அவரும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். இயற்பியலும் பொறியியலும் படித்தவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் கடைசி வரை இருந்து ஓய்வு பெற்றார். இன்றைக்கு நாம் ஓட்டுப் போடுகிற மின்னணு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வேலைக்கு நடுவில்தான் அத்தனை கதையும் எழுதினார். ஒரு வேடிக்கை பாருங்கள். வேலையில் இருந்தவர் ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். வேறு பக்கம் போனவர் 'ஹாய் மதன்' என்று ஆனந்த விகடனில் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். இருவரும் வெவ்வேறு வழியில் போய் ஏறக்குறைய ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

அடுத்து வங்காளத்து சுகுமார் ராய். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் அப்பா. 1887இல் பிறந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல், வேதியியல் இரண்டிலும் ஆனர்ஸ் பட்டம். 1911இல் இங்கிலாந்து போய்ப் புகைப்படத்தை அச்சுக் கட்டையாக்கும் தொழில்நுட்பம் படித்தார். திரும்பி வந்து குழந்தைகளுக்கான 'சந்தேஷ்' பத்திரிகையில் எழுதினார், வரைந்தார், அப்பா காலமானபின் அதை நடத்தவும் செய்தார். வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டவைத்து ஒரு பிராணி, விலங்கியல் பெயர்களைக் கேலி செய்து ஒரு பயணக் குறிப்பு என்று அவர் செய்த குறும்பெல்லாம் அறிவியல் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய குறும்பு. அவர் காலுக்குக் கீழே என்ன? அப்பா உபேந்திர கிஷோர் கட்டிவைத்த சொந்த அச்சகம்.

இந்தக் குடும்பக் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுகுமார் ராய் காலா அசார் என்ற கறுங்காய்ச்சலில் இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்து, 1923 செப்டம்பரில் 35 வயதில் இறந்துபோனார். அவருடைய புகழ்பெற்ற 'ஆபோல் தாபோல்' புத்தகம் அச்சாகி வெளிவந்தது அதற்குச் சில நாள் கழித்துத்தான். மகன் சத்யஜித்துக்கு அப்போது இரண்டு வயது. சில வருஷங்களில் அச்சகமும் கைவிட்டுப் போனது. தாயும் பிள்ளையும் மாமா வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பிள்ளை பெரியவனாகி என்ன செய்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். 1943இல் மாதம் 80 ரூபாய் சம்பளத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார் சத்யஜித். 'பதேர் பாஞ்சாலி' எடுத்த காலத்திலும் அந்த வேலையில்தான் இருந்தார். 1955இல் படம் வெளியாகி, நிற்க ஓர் இடம் கிடைத்த பிறகுதான் வேலையை விட்டார். பலகை உடைந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அல்லவா!

கடைசியில் அவள் காட்டிய மன்ரோ. விசாரித்துப் பார்த்தால், நாசாவில் அவர் ஒப்பந்த வேலையில் இருந்தவர். 2006இல் ஒப்பந்தம் முடிந்தது. அதற்கு முந்தைய வருஷமே படங்களை இணையத்தில் போட ஆரம்பித்திருந்தார். படம் அச்சடித்த டி-ஷர்ட் விற்பனையில் வருமானம் வரத் தொடங்கியிருந்தது. அதில் நின்றுகொண்டுதான் முழுநேரமாக வரையப் போனார்.

தாளைத் திரும்பப் படித்தேன். இத்தனை பேரில் வெறும் காற்றில் குதித்தவர் ஒருவர்கூட இல்லை. ஒருவருக்குப் பத்திரிகை, ஒருவருக்கு அப்பாவின் அச்சகம், ஒருவருக்கு டி-ஷர்ட், இருவருக்கு விடாத வேலை. நமக்கு வருகிற கதைகளில் குதித்த உயரத்தைச் சொல்கிறார்கள், பலகையைச் சொல்வதில்லை. அதனால் பிள்ளைகள் தைரியம் மட்டும் போதும் என்று நினைக்கிறார்கள். அப்பாக்கள் இது பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கிறார்கள். இரண்டு பேரும் அரைக் கதையை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, மகள் இருவரையும் எங்கள் திண்ணைக்கு வரச் சொன்னேன்.

அவளிடம் முதலில் காலா அசாரைப் பற்றிச் சொன்னேன். சுகுமார் ராய் படுக்கையில் கிடந்த அதே வருஷங்களில், அதே கல்கத்தாவில், உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற மருத்துவர் அந்தக் காய்ச்சலுக்கு யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். சிறிய அறையில், வசதி இல்லாமல் செய்த ஆராய்ச்சி. பிற்பாடு அந்த மருந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. அது பரவலாகக் கைக்கு வருமுன் சுகுமார் போய்விட்டார். "ஆய்வுக்கூடம் வறண்ட இடம், கலைதான் உயர்ந்ததுன்னு நினைச்சு விட்டுடாதேம்மா. பிரம்மச்சாரி மாதிரி ஒருத்தர் அங்கே உட்கார்ந்திருக்கத்தான் வேணும். நீ வெளியே வந்தால், உள்ளே நடக்கிறதை ஊருக்குச் சொல்றதுக்காக வா" என்றேன். அவள் தலையாட்டினாள். "அது பிடிக்காம வரலை தாத்தா. என்னால அதைவிட இது நல்லா முடியுது" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவிடம் அவர் தலைக்கு மேலே தொங்குகிற ஜக்கார்டு பெட்டியைப் பற்றிப் பேசினேன். "தம்பி, அதைச் செய்தவன் பிரான்சுல லியோன் ஊர்க்காரன், ஜக்கார். 1804இல் செய்தது. அதுவும் பட்டு நெசவு ஊர்தான். நம்ம டிசைன்காரர் என்ன செய்யறார்? கட்டம் போட்ட தாளில் மயிலோ மாங்காயோ வரையறார். ஒரு கட்டம் ஓர் இழைக் கணக்கு. அதைப் பார்த்து அட்டையில ஓட்டை குத்தறாங்க. ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் என்கிறவர் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு யோசனை பிடித்தார். ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்திருக்கிறார்கள். அதற்கு 24,000 அட்டை. அந்தப் படம் ஒன்றைப் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். படம் வரையறதும் கணக்கும் வேற வேறன்னு நம்ம தெருவுல இருந்துகிட்டுச் சொல்லலாமா?"

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதெல்லாம் சரி சார். கூலிக்கு என்ன வழி?" என்றார். நியாயமான கேள்வி. மதன் காலத்தில் இருந்த மாதிரி கார்ட்டூனிஸ்டுக்கு மேசை போட்டுக் கொடுக்கிற பத்திரிகை இன்றைக்கு அரிது.

அதனால் ஒரு தாளில் நாலு குறிப்பு எழுதி இருவரிடமும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். பழக்க தோஷம்.

ஒன்று: மார்ச் வரை ஆய்வு வேலையை நடுவில் விடக்கூடாது. செய்த வேலைக்கான சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். திரும்பிப் போக நேர்ந்தால் கதவு திறந்திருக்கும்.

இரண்டு: அதற்குள் மாதம் இரண்டு படக்கதை முழுதாக முடிக்க வேண்டும். வரையப் போகிறேன் என்பதும் வரைந்து முடித்தேன் என்பதும் ஒன்றல்ல.

மூன்று: ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவித்தொகையில் சேமிக்க வேண்டும். தங்கையின் படிப்புக்கு வைத்திருக்கிற பணத்தைத் தொடக்கூடாது.

நாலு: ஒரு வருஷம் கழித்து, அதற்கடுத்த மார்ச் 31 அன்று மூவரும் உட்கார்ந்து வரவு செலவைப் பார்ப்பது. பாதிச் செலவாவது வரைந்ததில் வந்திருந்தால் தொடரலாம். வராவிட்டால் பகுதி நேரமாக ஆசிரியர் வேலையோ வேறு வேலையோ பார்த்துக்கொண்டு வரையலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. சொர்போன் கொலோமே அப்படித்தான் செய்தார்.

அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அவருக்கு முழுச் சம்மதம் என்று நான் எழுதமாட்டேன். சொந்தக்காரர்கள் கேட்டால், "பொண்ணு ஆராய்ச்சியில இருக்கா" என்றுதான் இன்னமும் சொல்கிறார்.

ஆனால் போன மாதம் அவள் முடித்த படக்கதை ஒன்றை என்னிடம் கொண்டு வந்தாள். தறியிலிருந்து கம்ப்யூட்டர் வரை, எட்டுப் பக்கம். மூன்றாம் பக்கத்தில் நெசவாளரின் படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் கோணல் மாணலாக ஒரு குறிப்பு இருந்தது. அவள் எழுத்து இல்லை. 'கோர்வைக்கு மூணு நாடா. ஒண்ணுதான் இருக்கு. பக்கத்து ஆள் எங்கே?' என்று எழுதியிருந்தது.

"அப்பா பார்த்தாராம்மா?" என்று கேட்டேன்.

"நான் காட்டல தாத்தா. மேசை மேல வச்சிருந்தேன். காலையில பார்த்தா இப்படி எழுதியிருந்துச்சு" என்றாள்.

அந்தப் பக்கத்தை மறுபடி வரைந்துவிட்டாள். இப்போது தறியில் மூன்று நாடா இருக்கிறது, பக்கத்தில் பத்து வயதுப் பையன் ஒருவனும் உட்கார்ந்திருக்கிறான். மார்ச்சுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இதுவரை ஏழு கதை முடித்திருக்கிறாள். ஒரு சிறுவர் பத்திரிகை ஒன்றை வாங்கிக்கொண்டு பணமும் அனுப்பியது. தொகை பெரிதில்லை. அப்பாவிடம் கொடுத்தாளாம். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கத்துக்கு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டாராம்.